ரீகல் எதிரே இருக்கும் போலீஸ் தலைமையகம் முதலில் யாருக்காகக் கட்டியது?

மும்பை கொலாபாவில் ரீகல் தியேட்டர் பக்கம் நீரூற்று வட்டத்தை ஒட்டி ஒரு பழைய கல் கட்டடம் இருக்கிறதே, மகாராஷ்டிர போலீஸ் தலைமையகம், அதன் நெற்றியில் குதிரைகளோடு ஒரு சிலைக் கூட்டம் எதற்கு, அது முன்பு சர்ச்சா, இல்லை நேவி கட்டடமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரிலிருந்து வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். நான் சயனில் பிறந்து வளர்ந்தவன், முப்பது வருஷமாக ஃபோர்ட் பகுதியில் கல் கட்டடங்களைப் பழுது பார்க்கும் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சர்ச் இல்லை. நேவி என்பது பாதி சரி. அது மாலுமிகள் தங்குவதற்காகக் கட்டிய விடுதி. பழைய பெயர் ராயல் ஆல்ஃபிரட் செய்லர்ஸ் ஹோம். சர்ச் என்று தோன்றுவதில் தப்பே இல்லை, ஏனென்றால் கூர்மையான வளைவுகளும் செங்குத்தான முக்கோண முகப்புமாக அந்தக் காலத்து பம்பாயில் கட்டியதெல்லாம் கோதிக் பாணிதான், ஐரோப்பாவின் பழைய சர்ச்சுகளின் பாணி. ஐகோர்ட், யுனிவர்சிட்டி, பழைய செக்ரடேரியட் எல்லாமே தூரத்தில் பார்த்தால் சர்ச் மணி அடிக்கப்போகிறது என்று நினைக்கத் தோன்றும்.

அந்தச் சிலையிலிருந்தே தொடங்கலாம். நடுவில் இருப்பவர் நெப்டியூன், ரோமானியர்களின் கடல் தெய்வம், நம்ம வருணன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றி நீர்மகளிர், பக்கத்தில் குதிரைகள். அவற்றைக் கடற்குதிரை என்பார்கள், ஆனால் கண்ணாடித் தொட்டியில் சுருண்டு நிற்குமே அந்தச் சின்ன மீன் இல்லை. முன்பாதி குதிரை, பின்பாதி மீன், அப்படி ஒரு கற்பனை உயிர். நம் கோயில் தோரணங்களில் மகரம் பார்த்திருப்பீர்கள், யானைத் துதிக்கையும் மீன் வாலுமாக, அதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். இங்கிலாந்தில் செல்டன்ஹாமைச் சேர்ந்த போல்டன் என்பவர் செதுக்கியது. கல் பாத் நகரத்துச் சுண்ணாம்புக்கல், அதாவது இங்கிலாந்துக் கல். பம்பாயில் கல்லுக்கா பஞ்சம், எதற்கு அங்கிருந்து என்று நானும் ஆரம்பத்தில் யோசித்தேன். கட்டடத்தை வடிவமைத்த ஃபிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் பாத்தில் பிறந்தவர் என்று தெரிந்தபோது, சொந்த ஊர்க் கல்லை நெற்றியில் வைத்துக்கொண்டாரோ என்று தோன்றியது. அது என் ஊகம்தான். தொழில் காரணமும் உண்டு: பாத் கல் வெட்டி எடுத்த புதிதில் ரம்பத்தாலேயே அறுக்கலாம், அவ்வளவு மென்மை, காற்றுப் பட்டபின் இறுகும். குதிரைப் பிடரி, மீன் செதில் மாதிரி நுணுக்கத்துக்கு அதைவிடத் தோதான கல் குறைவு.

ஸ்டீவன்ஸ் 1867-ல் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இந்தியா வந்தவர். இந்த விடுதி 1876-ல் முடிந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பெரிய கட்டடம் என்று அவர் கையில் முதலில் கிடைத்தது இதுதான். இதற்குப் பிறகுதான் விக்டோரியா டெர்மினஸ் (இன்றைய சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையம்), மாநகராட்சித் தலைமையகம், சர்ச்கேட்டில் ரயில்வே தலைமையகம் என்று வரிசையாக வந்தன. சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனைப் பார்த்து வாய் பிளப்பவர்கள் ஒரு தடவை இந்த விடுதி முன்னாலும் வந்து நிற்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். அங்கே உச்சத்துக்குப் போனதெல்லாம் இங்கேதான் கைபழகியிருக்கிறது: நடுவில் உயர்ந்த முகப்பு, இரண்டு பக்கமும் இறக்கைகள், மாடிக்கு மாடி வளைவுகளோடு தாழ்வாரம், நெற்றியில் சிலை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு, அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கே சிலைக்கு இங்கிலாந்துக் கை தேவைப்பட்டது. டெர்மினஸில் பூவும் இலையும் குரங்கும் மயிலும் செதுக்கியதில் பெரும்பங்கு பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளி மாணவர்களுடையது. பத்து வருஷத்துக்குள் இந்த ஊரிலேயே அந்தக் கை வளர்ந்துவிட்டது.

சரி, மாலுமிகளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய விடுதி? 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டியதில்லை, நேரே பம்பாய்தான். கப்பலிலிருந்து கரையேறினால் மாலுமி கையில் மாதக்கணக்கான சம்பளம் மொத்தமாக இருக்கும், படுக்க இடம் இருக்காது. சாராயக்கடைக்காரனும் தங்குமிடத் தரகனும் இரண்டு நாளில் அதைக் கறந்துவிட்டு, கடனாளியாக்கி வேறொரு கப்பலில் ஏற்றிவிடுவான். எல்லாத் துறைமுகத்திலும் இதே கதை. இதைத் தடுக்கத்தான் லண்டனில் 1835-லேயே மாலுமிகள் விடுதி ஒன்று திறந்தார்கள், அந்த யோசனை அப்புறம் பல துறைமுகங்களுக்கும் போனது. சுத்தமான படுக்கை, சாப்பாடு, காசைப் பத்திரமாக வைக்க ஓர் இடம், அவ்வளவுதான் நோக்கம்.

பெயருக்குக் காரணமான ஆல்ஃபிரட் விக்டோரியா ராணியின் இரண்டாவது மகன். வெறும் இளவரசர் இல்லை, கடற்படை அதிகாரி, 'கலாட்டியா' என்ற போர்க்கப்பலுக்குத் தலைவராக இருந்தே இந்தியாவுக்கு வந்தார். 1870-ல் பம்பாய் வந்தபோது இந்த விடுதிக்கு அடிக்கல் நாட்டினார். பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தது பரோடா மகாராஜா கண்டேராவ் கெய்க்வாட், 2 லட்சம் ரூபாய். அந்தக் காலத்து 2 லட்சம்! கொடுத்தவர் அதே வருஷக் கடைசியில் இறந்துபோனார், கட்டடத்தில் ஒரு கல்கூட எழும்பிப் பார்க்கவில்லை. வேலை 1872-ல்தான் தொடங்கியது. 20 அதிகாரிகளும் 58 மாலுமிகளும் தங்கலாம், நெருக்கடி என்றால் 100 பேர் வரை என்பது கணக்கு. அந்த அளவு கட்டடத்தில் வெறும் 78 பேர் என்றால் எவ்வளவு தாராளம் என்று யோசித்துப் பாருங்கள். தாராவியில் ஒரு சால் (ஒற்றை அறை வீடுகள்) வரிசையில் அதற்கு மேல் ஆள் இருப்பார்கள்.

இனி கல். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுவர் கருநீலமாகத் தெரிகிறதே, அது பசால்ட். நம்ம ஊரில் கருங்கல் என்றால் கிரானைட். இங்கே தரைக்குக் கீழே இருப்பதெல்லாம் ஏறத்தாழ 6.6 கோடி வருஷத்துக்கு முன் எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்த பாறை. உளி இறங்காது, மழைக்கும் உப்புக்கும் அசையாது. அதனால் சுவருக்கு அது. வளைவின் ஓரம், தூண் தலை, ஜன்னல் விளிம்பு என்று செதுக்க வேண்டிய இடங்களுக்கு வெளிர்நிறத்தில் போர்பந்தர் கல், குஜராத்தின் கத்தியவாட்டிலிருந்து படகில் வந்தது. அதுவும் பாத் கல் ஜாதிதான், சுண்ணாம்புக்கல், கடல் உயிர்களின் ஓட்டுத்தூள் இறுகி உண்டானது. இந்தக் கருப்பும் வெளிறலும் மாறி மாறி வருவதுதான் பம்பாய் கோதிக்கின் முகம். அழகுக்காக மட்டும் செய்தது என்று நினைக்காதீர்கள், எந்தக் கல் எந்த வேலை செய்யும் என்று தெரிந்து பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

போர்பந்தர் கல்லுக்கு எதிரி கடற்காற்று. உப்பு ஈரத்தோடு உள்ளே போய், வெயிலில் காய்ந்து, படிகமாகி உள்ளிருந்து தள்ளும். சில வருஷம் முன்னால் ஃபோர்ட்டில் வேறொரு பழைய கட்டடத்தில் தாழ்வாரம் சரிசெய்யப் போயிருந்தோம். எங்களுக்கு முன்னால் வேலை பார்த்த ஒப்பந்தக்காரர் கல் இடுக்கையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார். பார்க்க நறுவிசாகத்தான் இருந்தது. ஆனால் பழைய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தைத் தான் வாங்கி வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது, எனவே ஈரம் கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஒரு தூண் தலையில் செதுக்கியிருந்த இலையைக் கட்டைவிரலால் லேசாகத் தொட்டேன், அப்பளம் மாதிரி ஒரு படலம் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. அதன் உள்பக்கம் வெள்ளைவெளேரென்று உப்பு. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கடல் உப்பேதான். நூற்றைம்பது வருஷம் நின்ற இலை, பதினைந்து வருஷச் சிமெண்டில் போய்விட்டது. சுண்ணாம்பை ஊறவைத்துப் புளிக்கவிட்டு, சலித்த மணல் சேர்த்து அரைத்துத்தான் இந்தக் கட்டடங்களைத் தொட வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

தாழ்வாரத்தையும் கவனியுங்கள். குளிர் நாட்டுப் பாணியை நாலு மாத மழை பெய்யும் ஊரில் அப்படியே வைத்தால் ஜன்னல் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். அதனால் அறைகளைப் பின்னுக்குத் தள்ளி முன்னால் ஆழமான வராந்தா. சாரல் அங்கேயே நின்றுவிடும், காற்று மட்டும் உள்ளே போகும். நம் திண்ணைக்கும் தாழ்வாரத்துக்கும் உள்ள அதே புத்திதான். இந்தக் கட்டடம் பிற்பாடு இத்தனை பேருக்குப் பொருந்தியதற்கு இந்த வராந்தாக்களும் அறைகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். எந்த அறைக்கும் இன்னொரு அறையைக் கடக்காமல் வராந்தா வழியே போகலாம் என்றால் விடுதியும் நடத்தலாம், அலுவலகமும் நடத்தலாம்.

1928-ல் பம்பாய் அரசு கட்டடத்தை எடுத்துக்கொண்டு சட்டமன்றத்துக்குக் கொடுத்தது. அதிலிருந்து கவுன்சில் ஹால் என்று பெயர். அப்போதைய பம்பாய் மாகாணம் இன்றைய மகாராஷ்டிரம் இல்லை, குஜராத்தும் வட கர்நாடகமும் அதில் சேர்ந்தது, சிந்துகூட 1936 வரை இதில்தான். எனவே அந்த வராந்தாக்களில் மராத்தி, குஜராத்தி, கன்னடம், சிந்தி எல்லாம் கேட்டிருக்கும். அம்பேத்கர் அந்தச் சபையில் உறுப்பினர். 1937 தேர்தலுக்குப் பிறகு பி.ஜி. கேர் தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை வந்தது. சுதந்திரம் வந்து, மாகாணம் மாநிலமாகி, சபை இங்கேயே தொடர்ந்தது.

1955 நவம்பர் 21 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மராத்தி பேசுபவர்களுக்குப் பம்பாயோடு சேர்ந்த மாநிலம் வேண்டும் என்று கேட்டு, ஆலைத் தொழிலாளர்கள் உட்படப் பெரும் கூட்டம் இந்தக் கவுன்சில் ஹாலை நோக்கி ஊர்வலமாக வந்தது. ஃப்ளோரா நீரூற்றுப் பக்கம் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியதில் 15 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டம் முழுவதிலுமாக இறந்தவர்கள் நூற்றுக்கு மேல். இன்று ஹுதாத்மா சௌக் என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோமே, அது அவர்கள் நினைவில் வைத்த பெயர். 1960 மே 1-ல் மகாராஷ்டிரம் பிறந்தது, அதன் சட்டமன்றமும் இதே கட்டடத்தில்தான் கூடியது. கேட்டவருக்கு வேலை கொடுத்தாக வேண்டும் என்கிற வேலை உறுதிச் சட்டத்தை மகாராஷ்டிரம் 1977-ல் கொண்டுவந்ததும் இது சட்டமன்றமாக இருந்த காலத்தில்தான். பிற்பாடு 2005-ல் நாடு முழுவதற்கும் வந்த நூறு நாள் வேலைக்கு முன்னோடி அதுதான்.

1981-ல் நாரிமன் பாயிண்டில் புதிய விதான் பவன் திறந்ததும் சட்டமன்றம் கிளம்பியது, மறு வருஷமே போலீஸ் தலைமையகம் உள்ளே வந்தது. மாலுமிகள் இருந்தது ஏறத்தாழ 50 வருஷம், சட்டமன்றம் 53 வருஷம், போலீஸ் நாற்பதைத் தாண்டிவிட்டது. 1955-ல் ஊர்வலத்தை வரவிடாமல் நின்ற துறையே இப்போது அந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பது அங்கே போகும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும். சட்டமன்றம் போனாலும் அதன் ஒரு சுவடு எதிர்ப்பக்கம் இருக்கிறது: ரீகலுக்கு எதிரே, கீழே சஹகாரி பண்டார் கடை இருக்கும் கட்டடம், முன்பு மெஜஸ்டிக் ஹோட்டல், பிறகு எம்.எல்.ஏ. விடுதியாக மாறியது. சபை நடக்கும் இடத்துக்குச் சாலையைத் தாண்டினால் போதும் என்பதால் கிடைத்த வேலை அது. ரீகலுக்கும் ஒரு தொடர்பு உண்டு, பலருக்குத் தெரியாது. 1933-ல் திறந்த அந்த தியேட்டரை வடிவமைத்தவர் சார்லஸ் ஸ்டீவன்ஸ், நம்ம ஃபிரெடரிக் ஸ்டீவன்ஸின் மகன். அப்பா கட்டியது கல்லும் சிலையுமான கோதிக், மகன் கட்டியது வழுவழுப்பான ஆர்ட் டெக்கோ. இரண்டும் ஒரே வட்டத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

நேவி கட்டடம் என்று உங்களிடம் சொன்னவர் எதையோ குழப்பிக்கொண்டிருக்கலாம். அசல் கடற்படை இடம் அங்கிருந்து நடை தூரம்தான், லயன் கேட்டுக்கு உள்ளே இருக்கும் டாக்யார்ட். சூரத்திலிருந்து 1736-ல் வந்த லவ்ஜி நுசர்வான்ஜி வாடியாவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிய இடம். 1817-ல் மலபார் தேக்கில் அங்கே கட்டிய டிரின்கோமலி என்ற போர்க்கப்பல் இன்னும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அதை ஒட்டி பழைய பம்பாய்க் கோட்டை, இப்போது ஐ.என்.எஸ். ஆங்ரே. ஆங்கிலேயர்களைக் கடலில் கதிகலங்க வைத்த மராத்தியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்ரேயின் பெயரை, அவர்களுடைய கோட்டைக்கே வைத்திருக்கிறது நம் கடற்படை. எனக்கு மிகப் பிடித்த பெயர்மாற்றம் அது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஆல்ஃபிரட் விடுதியைக் கட்டியவர்கள் மனத்தில் இருந்தது ஐரோப்பிய மாலுமி. ஆனால் அதே கப்பல்களின் அடிவயிற்றில் கரி அள்ளிப் போட்டவர்களும், கயிறு இழுத்தவர்களும், சமையல் செய்தவர்களும் பெரும்பாலும் நம் ஆட்கள், லாஸ்கர் என்பார்கள். கோவாக்காரர்கள் தோபி தலாவ் பக்கம் ஊருக்கு ஒரு 'கூட்' என்ற பொது விடுதி வைத்து, ஆளுக்கொரு பெட்டி, ஒரு பாய் என்று தங்கினார்கள். 1946 பிப்ரவரி 18-ல் கொலாபாவில் தல்வார் என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்களே, அதைப் பற்றவைத்த குறைகளில் ஒன்று சாப்பாடு. 21-ம் தேதி கோட்டையை ஒட்டிய கேஸில் பாரக்ஸில் துப்பாக்கிச் சண்டையே நடந்தது. நல்ல சோறும் மரியாதையும் கேட்டுத் தொடங்கியது பேரரசையே உலுக்கியது.

எங்கள் அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க், அதாவது கப்பல் சரக்கை எண்ணிக் குறிப்பவர். அவருக்குப் பழக்கமான தூத்துக்குடிக்காரர் ஒருவர், நான் சாரங்கு மாமா என்று கூப்பிடுவேன், கப்பல் கிடைக்கும்வரை மஸ்ஜித் பந்தர் பக்கம் தங்கியிருப்பார். பார்க்கப் போனால் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து ஜப்பான் பென்சில் தருவார். அந்தப் பெட்டி மூடியின் உள்பக்கம் அவர் போன துறைமுகங்களின் பெயரைத் தமிழில் ஆணியால் கீறி வைத்திருந்தார், கோபே, ஏடன், மொம்பாசா என்று. ஒருநாள் அப்பாவும் அவரும் என்னைப் பக்கத்திலிருந்த இந்திய மாலுமிகள் இல்லத்துக்குக் கூட்டிப்போனார்கள். முதல் உலகப்போரில் கடலிலேயே போய், கல்லறை இல்லாமல் போன 2,000-க்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகளுக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் அப்படிப் போன 6,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர் ஏடாக இருக்கிறது, அதன் இன்னொரு படி சிட்டகாங்கில். சாரங்கு மாமா செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

போலீஸ் தலைமையகத்துக்குள் சும்மா போய்ச் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், காவல் உண்டு. கேமராவைத் தூக்குவதற்கு முன் வாசலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நீரூற்று அருகில் நடைபாதையில் நின்றாலே முகப்பு முழுதும் தெரியும். முதலில் நெப்டியூன், அப்புறம் அப்படியே திரும்பி ரீகல். மழைக்காலத்தில் போனால் இன்னும் நல்லது, நனைந்த பசால்ட் கருத்துப் போய் போர்பந்தர் கல் தனியாக எடுப்பாக நிற்கும். அங்கிருந்து பஸ்ஸில் சி.எஸ்.எம்.டி. வந்து, அடுத்த ஸ்டேஷன் மஸ்ஜித்தில் இறங்கிக் கிழக்குப் பக்கமாக வாருங்கள், மாலுமிகள் இல்லம் எங்கே என்று கேட்டால் வழி சொல்வார்கள்.